இல்லையென்று சொன்னது யார்?

ஆய்வுக்கு வருகிற பிள்ளைகள் கையில் ஒரு தலைப்போடு வருவார்கள். கேள்வியோடு வந்தவர்கள் குறைவு. மதுரைப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் வரலாற்றுத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, எம்.பில்., பிஎச்.டி. என்று பல பேருக்கு நெறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அத்தனை வருஷமும் நான் பார்த்த வேலை, தலைப்போடு வந்த பிள்ளையைக் கேள்வியோடு திருப்பி அனுப்பியதுதான். மேற்கோள் போடுவது, அடிக்குறிப்பு எழுதுவது, இயல் பிரிப்பது இதையெல்லாம் டைப்படிக்கிற கடைக்காரரே சொல்லிக்கொடுத்துவிடுவார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எண்பதுகளில் பல்கலைக்கழகம் இருக்கிற ஊரிலெல்லாம் ஜாப் டைப்பிங் கடைகள் இருந்தன. கார்பன் தாள் வைத்து நாலு பிரதி அடித்து, பைண்டு பண்ணி, முகப்பில் பொன் எழுத்து பதித்துக் கொடுப்பார்கள். நூற்றுக்கணக்கில் ஆய்வேடு அடித்த கை. எதில் எது இருக்க வேண்டும் என்று கடைக்காரருக்கு மனப்பாடம். "முன்னுரையில ஆய்வு நோக்கம் இருக்கு, ஆய்வு எல்லை இருக்கு, கருதுகோளைக் காணோமே தம்பி" என்பார். தம்பி முழிப்பார். சரி என்று கடைக்காரரே இரண்டு வரி போட்டுக்கொடுப்பார். அது பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்: 'பாரதியார் கவிதைகளில் நாட்டுப்பற்று மிகுந்து காணப்படுகிறது என்பதே இவ்வாய்வின் கருதுகோளாகும்.'

இல்லையென்று யார் சொன்னது?

இதை முதலில் என்னிடம் கேட்டவர் என் நெறியாளர். எழுபதுகளின் கடைசி. நான் எழுதிக் கொண்டுபோன தாளை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். அவர் அதைக் கழற்றினாலே எங்களுக்கு வயிறு கலங்கும். "நீ சொல்றதை மறுத்துப் பேச ஒருத்தனாவது இருக்கணும்டா. ஒருத்தனும் இல்லைன்னா எதுக்கு இருநூறு பக்கம்?" என்பார். அதற்குமேல் விளக்க மாட்டார். ஆய்வு முறையியல் என்று தடித்தடியாகப் புத்தகங்கள் பிற்பாடு படித்தேன், பாடமும் நடத்தினேன். அந்த இரண்டு வரிக்கு மேல் உபயோகமான எதையும் அவற்றில் பார்த்த நினைவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பையன் வந்தான். தலைப்பு தயாராக இருந்தது: 'முல்லைப் பெரியாறு அணையும் மதுரை மாவட்ட வளர்ச்சியும் – ஓர் ஆய்வு.' படிக்காமல் வந்தவன் இல்லை. ஏ.டி. மெக்கன்சி 1899இல் எழுதிய பெரியாறு திட்ட வரலாற்றைத் தேடிப்பிடித்து நகல் எடுத்து வைத்திருந்தான். 1886 அக்டோபர் 29 குத்தகை ஒப்பந்தம், 999 வருஷம், 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், அணையைக் கட்டிய பென்னிகுவிக், சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவை, 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் வந்து திறந்துவைத்தது என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான். இயல் பகுப்பும் கையில் இருந்தது. நில அமைப்பு, திட்டத்தின் தோற்றம், கட்டுமானம், ஒப்பந்தம், பயன்கள், முடிவுரை.

"எல்லாத்தையும் மெக்கன்சியே எழுதிட்டாரே தம்பி. நீ என்ன எழுதப் போறே?"

"பயன்கள் சார். அது அவருக்குப் பிறகு நடந்தது."

"யாருக்குப் பயன்?"

"மதுரை மாவட்டத்துக்கு சார்."

"மாவட்டம் வந்து நெல்லு அறுத்துச்சா?"

"விவசாயிகளுக்கு சார்."

"எந்த விவசாயி? தண்ணி வர்றதுக்கு முந்தி அந்த நிலத்தை வச்சிருந்தவனா, வந்த பிறகு வச்சிருந்தவனா?"

பையன் பேச்சை நிறுத்திவிட்டான். பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு, "எங்க அப்பத்தா வேற மாதிரி சொல்லும் சார்" என்றான். "வாய்க்கா வந்துச்சு, வயக்காடு போச்சுன்னு சொல்லும்."

உட்காரச் சொன்னேன். அதுவரை நின்றுகொண்டுதான் இருந்தான்.

அப்பத்தாவின் கட்சி என்னவென்றால், மானாவாரிப் புஞ்சையாகக் கிடந்தவரை அந்த நிலத்தைச் சீந்த ஆளில்லை. தண்ணீர் வந்து நஞ்சை ஆனதும் காசு வைத்திருந்தவர்கள் கண்ணில் பட்டது. மாட்டுக்கும் விதைக்கும் கடன் வாங்கி, ஒத்திக்கு எழுதிக்கொடுத்து, கடைசியில் கிரயமாகிப் போனது. அரசாங்கப் பதிவுகளின் கட்சி, பாசனப் பரப்பு கூடியது, தீர்வை கூடியது, ஆகவே எல்லாருக்கும் நன்மை. ஒரே வாய்க்காலைப் பற்றி இரண்டு கட்சி. அப்பத்தா சொன்னதை ஆதாரமாக அடிக்குறிப்பில் போட முடியாது என்று பையன் தயங்கினான். ஆதாரமாக வேண்டாம், அது உன் கேள்விக்குத் தாய் என்றேன்.

அடுத்த வாரம் கேள்வி என்று ஒன்று எழுதி வந்தான்: 'பெரியாறு பாசனம் மேலூர் மக்களுக்கு நன்மையா, தீமையா?' பட்டிமன்றத் தலைப்பு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். பட்டிமன்றத்தில் இரண்டு அணியும் பேசி முடித்ததும் நடுவர் இரண்டு பக்கமும் சாயாமல் ஒரு தீர்ப்புச் சொல்லி, எல்லாரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆய்வுக் கேள்வி என்றால் அதை வாசித்த உடனே எந்த ரிஜிஸ்டரைத் திறக்க வேண்டும் என்று கை தேட வேண்டும். நன்மை, தீமை, தாக்கம், வளர்ச்சி, பங்களிப்பு, விழிப்புணர்வு இந்தச் சொற்களுக்கென்று எந்த ஆவணக் காப்பகத்திலும் ரிஜிஸ்டர் கிடையாது. நிலம் கைமாறியதற்கு இருக்கிறது.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினேன். அணைக்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் பிந்தைய மறு செட்டில்மெண்ட் பதிவேட்டையும் கிராமம் கிராமமாக ஒப்பிட வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரங்கள் பார்க்க வேண்டும். பழைய பதிவேடுகளில் வருஷம் பசலியில்தான் இருக்கும். பசலியோடு 590ஐக் கூட்டினால் நம் வருஷம். பசலி 1305 என்றால் 1895 ஜூலையில் தொடங்குகிற வருஷம். இது தெரியாத ஒரு முதலாம் ஆண்டு மாணவன் வேறொரு சமயம் 1305ஐ அப்படியே கி.பி. ஆக எழுதி, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் ஆளுக்கொரு பட்டா கொடுத்திருந்தான். துறையில் ரொம்ப நாள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மேலூர்ப் பையன் அந்தத் தப்பெல்லாம் பண்ணவில்லை. ஆனால் இரண்டே மாதத்தில் முகம் வாடித் திரும்பி வந்தான். அப்பத்தா சொன்னது சில கிராமத்துக்குப் பொருந்துகிறது, சில கிராமத்துக்குப் பொருந்தவில்லை. "தலைப்பை மாத்திரலாமா சார்?" என்றான். கிராமங்களின் பெயரை ஒரு தாளில் வரிசையாக எழுதச் சொன்னேன். அகரவரிசையில் எழுதினான். வாய்க்கால் ஓடுகிற வரிசையில் எழுது என்றேன். எழுதி முடிப்பதற்குள் அவனுக்கே புரிந்துவிட்டது. அவன் எடுத்துக்கொண்ட கிராமங்களின் அளவில் தலைப்பக்கம் ஒரு கதை, கடைமடை வேறு கதை. கடைசியில் அவன் நின்ற வாக்கியம் இது: 'தலைப்பக்கத்துக் கிராமங்களைவிடக் கடைமடைக் கிராமங்களில்தான் நிலம் அதிகம் கைமாறியது, ஏனென்றால் தண்ணீரை நம்பிக் கடன்பட்டவர்களுக்குத் தண்ணீர் நிச்சயமில்லை.'

இந்த வாக்கியத்தை மறுக்கலாம். கடன் அதற்கு முன்பே இருந்தது என்று ஒருவர் சொல்லலாம். பஞ்ச காலத்திலேயே நிலம் போய்விட்டது என்று இன்னொருவர் சொல்லலாம். நீ பார்த்த கிராமங்கள் போதாது என்று மூன்றாமவர் சொல்லலாம். மூன்று பேருக்கும் பதில் சொல்லப் போனதில் அவனுக்கு மூன்று இயல்கள் கிடைத்தன. நில அமைப்பும் கட்டுமானமும் முன்னுரையில் நாலு பக்கமாகச் சுருங்கின. 'ஏனென்றால்' இல்லாத மைய வாக்கியத்தை அதற்குப் பிறகு நான் யாரிடமும் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'ஏனென்றால் சார்' என்று பெயர் வைத்திருந்தது தெரியும்.

கேள்வி கிடைக்கவில்லை என்று சொல்கிறவர்களுக்கு நான் சொல்லும் உபாயம், இரண்டு பேர் சண்டை போட்ட இடத்தைத் தேடு என்பது. தாது வருஷப் பஞ்சத்தை எடுத்துக்கொண்ட ஒரு மாணவி, செத்தவர் கணக்கு, மழைக் கணக்கு, கஞ்சித் தொட்டிகள் என்று நோட்டு நோட்டாக எழுதி வைத்திருந்தாள். படிக்கவே மனசு பதைக்கும். கேள்வி மட்டும் இல்லை. வில்லியம் டிக்பி 1878இல் எழுதிய பஞ்ச நூலைத் திரும்ப வாசித்து, யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று மட்டும் குறித்துவரச் சொன்னேன். இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலையில் இருந்தவர்களுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்கிறார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதில் உயிர் நிற்காது என்கிறார். இரண்டு பேரும் ஒரே சர்க்காரின் சம்பளம் வாங்கியவர்கள். "யார் சொன்னது சரி சார்?" என்று கேட்டாள். அது வைத்தியர்கள் சொல்ல வேண்டியது. சர்க்காருக்கு உள்ளேயே இருந்துகொண்டு ஒருவர் இப்படி எதிர்த்து எழுத முடிந்தது எப்படி, எழுதியதால் கூலி மாறியதா, இதுதான் நம் வேலை என்றேன். அவளுக்கு அடுத்து வந்தவள் அதே பஞ்சத்தில் ஜனங்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்டாள். அரசாணைகள் அதைச் சொல்லாது. அந்தப் பஞ்சத்தைப் பாடிய கும்மிப் பாட்டுச் சிறு நூல்கள் இருக்கின்றன, அங்கே போ என்று அனுப்பினேன். பஞ்சம் ஒன்றுதான். கேள்வி வேறானதால் இரண்டு பேரும் போய் உட்கார்ந்த நூலகம்கூட வேறு.

வெளியூர்ப் பிள்ளைகளுக்காக நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். மாதம் ஒரு தபால் கார்டு. அப்போது 15 காசு. அதில் நலம் விசாரிப்பு வேண்டாம், எத்தனை பக்கம் எழுதினாய் என்ற கணக்கும் வேண்டாம். உன் ஆய்வுக் கேள்வி இன்றைய தேதிக்கு என்ன, அது மட்டும். நான் பதில் கார்டில் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்.

அந்தக் கார்டுகளில் நான் பத்திரமாக வைத்திருப்பது உசிலம்பட்டிப் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர் போட்டவை. பகுதிநேர ஆய்வாளர்; என்னைவிட நாலைந்து வயதுதான் இளையவர். வாங்க, போங்க என்றுதான் பேசிக்கொள்வோம். 'சத்துணவுத் திட்டமும் கல்வி வளர்ச்சியும்' என்று பதிவு செய்திருந்தார். முதல் கார்டு: 'ஐயா, சத்துணவுத் திட்டத்தால் கிராமங்களில் கல்வி வளர்ந்ததா?' வளர்ச்சியை எதை வைத்து அளப்பீர்கள் என்று எழுதினேன். அடுத்த கார்டு: '1982க்குப் பிறகு பள்ளிச் சேர்க்கை கூடியதா?' 1982க்கு முந்திப் பிள்ளைகளுக்குச் சோறு போடவில்லையா என்று எழுதினேன்.

அது அவரைக் கொஞ்சம் உலுக்கியிருக்க வேண்டும். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1ஆம் தேதி தொடங்கியதுதான் எல்லார் நினைவிலும் நிற்கிறது. ஆனால் காமராஜர் காலத்தில் 1956லேயே மதிய உணவு வந்துவிட்டது. பிறகு அமெரிக்காவின் கேர் நிறுவனத்து உதவிப் பொருளும் வந்தது. அவரே சின்ன வயதில் பள்ளியில் கோதுமை ரவை உப்புமா தின்று வளர்ந்தவர். ஆக, சோறு இல்லாத காலம், சோறு இருந்த காலம் என்று 1982இல் கோடு கிழித்துக் கணக்குப் போட முடியாது. அது போக, ஊருக்கு ஊர் புதுப் பள்ளிகள் திறந்தது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள், இலவசச் சீருடை, பாடப்புத்தகம் என்று எத்தனையோ சேர்ந்து நடந்திருக்கின்றன. சேர்க்கை கூடியது சோற்றாலா, பள்ளிக்கூடம் பக்கத்தில் வந்ததாலா? இரண்டையும் பிரித்துக் காட்டும் ஆவணம் எது? அவர் இரண்டு மாதம் கார்டே போடவில்லை.

மூன்றாவது கார்டு வந்தது. 'ஐயா, மதியத்துக்குப் பிறகு எத்தனை பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள்?'

கார்டை எடுத்துக்கொண்டு துறையில் எல்லாரிடமும் காட்டினேன். புரியாதவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. பள்ளி வருகைப் பதிவேட்டில் காலை வருகைக்கு ஒரு சாய்கோடு போடுவார்கள். மதியம் வந்தால் அதன் குறுக்கே எதிர்ச்சாய்கோடு. இரண்டும் சேர்ந்தால் பெருக்கல் குறி. ஒற்றைச் சாய்கோடு மட்டும் நின்றால், காலையில் வந்த பிள்ளை சாப்பாட்டு மணிக்கு வீட்டுக்குப் போய்த் திரும்பவில்லை என்று அர்த்தம். பத்திருபது வருஷம் தினமும் தன் கையால் அந்தக் கோட்டைப் போட்டவருக்குத்தான் இது தோன்றும், எனக்குத் தோன்றியிருக்காது. சேர்க்கை கூடியதற்கு நூறு காரணம் இருக்கலாம். மதியம் திரும்பி வருவதற்கும் மதியச் சோற்றுக்கும் இடையில் அவ்வளவு காரணங்கள் புகுந்துகொள்ள இடமில்லை. தன் கண்முன்னே கிடந்த ஒற்றைக் கோட்டை ஆவணமாக அவர் பார்க்கத் தொடங்கிய நாளில் ஆய்வு பாதி முடிந்துவிட்டது என்றே சொல்வேன்.

மீதிப் பாதி கரையானோடு சண்டை. பல பள்ளிகளில் பழைய பதிவேடுகளைக் கிழித்துப் பழைய பேப்பருக்குப் போட்டிருந்தார்கள்; சிலவற்றைச் செல் அரித்திருந்தது. தப்பியவை சில பள்ளிகளின் பதிவேடுகள். அதனால் தலைப்பிலிருந்து 'தமிழ்நாடு' போய், 'மதுரை மாவட்டம்' போய், ஒரே ஒன்றியம் மிஞ்சியது. சின்னதாகிவிட்டதே என்று அவருக்கு வருத்தம். கேள்வி பெரிதாக இருக்கும்போது ஆவணம் சின்னதாக இருந்தால் கேள்விதான் இறங்கி வரவேண்டும். எனக்கு அதில் வருத்தமே இருந்ததில்லை. கடைசியில் அவர் எழுதிய வாக்கியம்: 'இப்பள்ளிகளில் சத்துணவு புதுப் பிள்ளைகளைக் கொண்டுவந்ததைவிட, வந்த பிள்ளைகளை மாலைவரை இருத்தியதே அதிகம், கடலை பிடுங்கும் மாதங்களில் அதுவும் பலிக்கவில்லை, ஏனென்றால் அம்மாதங்களில் பிள்ளையின் கூலி சோற்றைவிடப் பெரியது.'

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கெட்டிக்காரர், கொஞ்சம் முசுடும்கூட. பொதுவாக அந்தத் தேர்வுகள் எப்படி நடக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மிக்சர், பாதுஷா, காபி, சால்வை. தேர்வாளர் இரண்டு எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டுவார். முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்பார். இவர் எடுத்த எடுப்பில் கேட்டார். "வாத்தியாருங்க எல்லாம் உண்மையாத்தான் கோடு போட்டாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஆசிரியர் எழுந்து நின்று சொன்னார். "எல்லாரும் போட்டிருக்க மாட்டோம் ஐயா. நானும் இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள் உக்காந்து மொத்தமாப் போட்டிருக்கேன். அப்படிப் போட்ட பக்கத்துல மாசம் முழுக்க ஒரே மை, ஒரே சாய்வு இருக்கும். தினம் போட்ட பக்கத்துல மை மாறும், கை மாறும், அடிச்சுத் திருத்தினது இருக்கும். ஒரே மையா இருந்த பக்கங்களைக் கணக்குல சேர்க்கலை. எத்தனை பக்கத்தைத் தள்ளினேன்னு பின்னிணைப்புல போட்டிருக்கேன்."

தேர்வாளர் பின்னிணைப்பைப் புரட்டினார். பாதுஷா அப்படியே இருந்தது. ஒன்றரை மணி நேரம் இரண்டு பேரும் விவாதித்தார்கள். நெறியாளர் என்ற முறையில் நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. கேள்வி சரியாக விழுந்துவிட்ட ஆய்வுக்கு நெறியாளர் தேவைப்படுவதில்லை என்று அன்று கொஞ்சம் பொறாமையோடு நினைத்துக்கொண்டேன்.

இந்த மாதிரி ஆய்வுகள் அடிக்கடி நடந்தன என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நம் ஏற்பாடே இதற்கு எதிராக அமைந்தது. பதிவு செய்யும்போதே தலைப்பைக் கொடுக்க வேண்டும். கேள்வி என்னவென்று தெரிய ஒரு வருஷமாவது ஆவணத்தில் புரள வேண்டும். அதற்குள் தலைப்பு முத்திரை குத்தப்பட்டு உட்கார்ந்திருக்கும். மாற்ற வேண்டுமென்றால் விண்ணப்பம், கட்டணம், குழுக் கூட்டம். ஒரு முறை ஒரு பெண் நியாயமான காரணத்தோடு தலைப்பை மாற்றக் கேட்டபோது, குழுவில் இருந்த ஒருவர், "அப்ப இத்தனை நாள் என்னம்மா பண்ணினே?" என்றார். கேள்வியைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன் என்று அவள் சொன்னதை அவர் திமிர் என்று எடுத்துக்கொண்டார். அதன்பிறகு எல்லாருக்கும் தொளதொள என்று ஒரு தலைப்பைப் பதிவு செய்யச் சொல்லிவிடுவேன். இடமும் காலமும் இருந்தால் போதும். உள்ளே கேள்வி எப்படி வேண்டுமானாலும் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம்.

எம்.பில். இருந்தவரை இந்தச் சங்கடத்துக்கு ஓர் ஆறுதல் இருந்தது. ஒரு வருஷப் படிப்பு, சின்ன ஆய்வேடு. கேள்வி சொதப்பினாலும் பெரிய நஷ்டமில்லை, அடுத்து பிஎச்.டி.க்கு வரும்போது எது கேள்வி, எது தலைப்பு என்று பிள்ளைக்கு மூக்கில் வாசனை பிடிபட்டிருக்கும். 2022இல் யு.ஜி.சி. விதிமுறை எம்.பில்.லை எடுத்துவிட்டது. எம்.பில். ஒப்புக்குத்தான் நடந்தது என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். பல இடங்களில் உண்மைதான். ஆனால் இப்போது முதல் முயற்சியே பிஎச்.டி. என்றாகிவிட்டது. பயிற்சி வகுப்பு உண்டு, தேர்வு உண்டு. கேள்வி கேட்கத் தெரியுமா என்று சோதித்துப் பார்க்க இடம் இல்லை.

ஆய்வேடுகளுக்கான சோத்கங்கா இணையதளம் வந்தபோது நான் ரொம்பச் சந்தோஷப்பட்டேன். அதுவரை ஒரு ஆய்வேட்டைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே பஸ் ஏறிப் போய் நூலகரிடம் கெஞ்ச வேண்டும். இப்போது வீட்டிலிருந்தே பலருடைய ஆய்வேட்டையும் இறக்கிப் பார்க்கலாம். ஆனால் பிள்ளைகள் அதை வேறு விதமாக உபயோகிக்கத் தொடங்கினார்கள். "சார், சுய உதவிக் குழுக்கள்ல திண்டுக்கல் முடிஞ்சிருச்சு, விருதுநகர் முடிஞ்சிருச்சு, தேனி இன்னும் காலியா இருக்கு" என்று ஒருவன் வந்தான். ஆய்வு இடைவெளி என்று அவன் சொன்னது அதைத்தான். தேனியில் வேறு மாதிரி நடந்திருக்கும் என்று நினைக்க உனக்கு ஏதாவது காரணம் இருக்கிறதா என்று கேட்டேன். யோசித்தான். ஏலத் தோட்டத்துக்குத் தினமும் மலை ஏறி வேலைக்குப் போகிற பெண்கள் வாரக் கூட்டத்துக்கு எப்போது வருவார்கள் என்று அவனே கேட்டுக்கொண்டான். அது போதும், அதிலிருந்து தொடங்கு என்றேன்.

2018இல் கருத்துத் திருட்டு விதிமுறை வந்தது. 10 விழுக்காடுவரை ஒப்புமை இருந்தால் குற்றமில்லை. நல்ல விதிதான்; பக்கம் பக்கமாக அடுத்தவர் ஆய்வேட்டை எடுத்து ஒட்டுவது குறைந்தது. ஆனால் உழைப்பு முழுக்க அந்தச் சதவீதத்தைக் குறைப்பதில் போய்விட்டது. எழுவாயைப் பயனிலைக்குப் பின்னால் தள்ளி, சொல்லுக்குச் சொல் மாற்றி, மென்பொருளுக்குத் தெரியாதபடி பழைய வாதத்தையே எழுதிக் கொண்டுவருகிறார்கள். ஒப்புமை ஆறு சதவீதம் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். சொந்த வாதம் எத்தனை சதவீதம் என்று கேட்க நாக்கு துடித்தது. அவர் என் மாணவர் இல்லை, விட்டுவிட்டேன்.

இப்போது வருகிறவர்கள் போனில் இயந்திரத்திடம் கேட்டு அழகழகாகப் பத்துக் கேள்வி எடுத்து வருகிறார்கள். வாக்கியத்தில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. எந்த ரிஜிஸ்டர் என்று கேட்டால் முழிக்கிறார்கள். எந்த ஊர்ப் பதிவேடு கரையானுக்குத் தப்பியது, எந்த அலுவலகத்தில் ரெக்கார்டு கிளார்க் வாரத்தில் எந்த நாள் வருவார் என்பதெல்லாம் நேரில் போய் நின்றவருக்குத்தானே தெரியும். பத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அலைந்துவிட்டு வா, அதற்குப் பிறகு அது எப்படி மாறுகிறது பார்ப்போம் என்று சொல்லி அனுப்புகிறேன்.

ஓய்வுபெற்ற பிறகும் வீட்டுக்கு யாராவது வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். முறைப்படி நான் யாருக்கும் நெறியாளர் இல்லை; கார்டு போய் வாட்ஸப் வந்துவிட்டது. போன மாதம் ஒரு பெண் வந்தாள். டூரிங் டாக்கீஸ் பற்றிச் செய்கிறாள். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் டெண்ட்டுக் கொட்டகைகள் ஏன் மறைந்தன என்பது அவள் கேள்வி. டி.வி. வந்ததால் என்று பதிலையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். "எல்லாருமே அப்படித்தான் சார் சொல்றாங்க." எல்லாரும் சொல்வதைச் சொல்ல ஆய்வேடு எதற்கம்மா என்று ஆரம்பித்தேன். கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் வந்து நம் பக்கத்துக் கிராமங்களில் தெளிவாகப் படம் தெரியத் தொடங்கியது எண்பதுகளின் பிற்பகுதியில். கொட்டகைகளுக்கு லைசென்ஸ் கொடுத்தது கலெக்டர் ஆபீஸ். நிரந்தரத் தியேட்டர் மாதிரி இல்லை, குறிப்பிட்ட காலத்துக்குத்தான் கொடுப்பார்கள், திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும். எந்த வருஷத்திலிருந்து புதுப்பிக்காமல் விட்டார்கள் என்று கோப்பில் இருக்கும். அது கோபுரத்துக்கு முந்தியா பிந்தியா?

"முந்தியா இருந்தா என்ன சார் பண்றது? நான் சொல்றது தப்பாயிருமே" என்றாள்.

"முந்தியா இருந்தா உனக்கு நல்ல காலம்" என்றேன்.

அவள் நெறியாளருக்கு இதெல்லாம் தெரியுமா என்று விசாரித்துக்கொண்டேன். அவரும் என்னிடம் எம்.பில். செய்தவர்தான். கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூமுக்குக் கல்லூரியிலிருந்து கடிதம் வேண்டும் என்று சொல்லி, விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம்வரை கோப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் குறித்துக் கொடுத்தேன். திங்கட்கிழமை போகாதே, அன்றைக்கு மக்கள் குறைதீர்க்கும் நாள், கூட்டமாக இருக்கும் என்றும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை போயிருக்கிறாள்.